ஹாரோ கடிதம்: பாய்லருக்கும் மாமியாருக்கும் நடுவே

ஹாரோ, வடமேற்கு லண்டன்
டிசம்பர் 2025

ஹாரோவில் தமிழர் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தால், சாமி படத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னத் திரை நின்றுகொண்டிருக்கும். ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும்போது கூடவே கொடுத்துவிட்டுப் போவது. இந்த நிமிடம் வீடு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, நள்ளிரவிலிருந்து எத்தனை பவுண்டு ஆகியிருக்கிறது என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். குறைவாக ஓடினால் பச்சை விளக்கு, கொஞ்சம் கூடினால் மஞ்சள், எகிறினால் சிவப்பு. அப்படி ஒரு வீட்டுக்கு அக்டோபர் கடைசியில் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கிய மாமியாருக்கு, பேரன் பேத்தியை அடுத்து அந்த வீட்டில் பிடித்துப்போனது இந்தத் திரைதான்.

இந்த வீட்டு மாப்பிள்ளைக்குப் பெயர் எதற்கு, நம்மவர் என்றே வைத்துக்கொள்வோம். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. அப்படி வீட்டிலிருந்த ஒரு காலையில் டீ போடக் கெட்டிலைத் தட்டினார். திரை பச்சையிலிருந்து நேரே சிவப்புக்குத் தாவியது. "மாப்பிள்ளை, அணைங்க, அணைங்க! என்னமோ ஆயிடுச்சு" என்று அத்தை ஓடிவந்தார். ஒன்றும் ஆகவில்லை. இந்த ஊர்க் கெட்டில் 3,000 வாட். நம்மூர் சாதாச் சுவர் பிளக்கில் செருகினால் சொருகியே கருகிவிடும். அன்று முதல் அந்த வீட்டில் டீ குடிப்பவர்கள் திரைக்கு முதுகு காட்டிக்கொண்டுதான் குடிக்கிறார்கள்.

கெட்டிலின் கணக்கைப் பார்த்தால் பாவம், அது அவ்வளவு பெரிய குற்றவாளி அல்ல. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க யூனிட்டில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆகும். 2025 கடைசிக் காலாண்டில் மின்சாரம் யூனிட் சராசரியாக 26.35 பென்ஸ். ஆக மூன்று பென்ஸ். இரண்டு பேருக்கு டீ போட விளிம்பு வரை நிரப்பிக் கொதிக்கவிட்டுவிட்டு மிச்சத்தைச் சிங்கில் கொட்டுபவர்களிடம்தான் வழக்கு. மற்றபடி இது டீயால் மின்கட்டமைப்பே ஆடிப்போகும் தேசம். 1990 உலகக்கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் இங்கிலாந்து பெனால்டியில் தோற்ற இரவு, ஆட்டம் முடிந்ததும் நாடு முழுக்க எழுந்து கெட்டிலைத் தட்டியதில் தேவை ஒரேயடியாக 2,800 மெகாவாட் ஏறியது. துக்கத்தை இவர்கள் ஆற்றிக்கொள்ளும் விதம் அது.

அந்தத் திரையில் ஒரு சூட்சுமம் உண்டு. மின்சாரத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை காட்டும். எரிவாயுவை அரை மணிக்கு ஒருமுறைதான். எனவே கெட்டில் போட்டால் கையும் களவுமாகப் பிடிபடும். சமையலறை அலமாரிக்குள் மெல்ல உறுமிக்கொண்டு வீடு முழுவதையும் சூடாக்கும் பாய்லர் மட்டும், எத்தனை தின்றாலும் திரையில் அமைதியாக இருக்கும். அரை மணி கழித்துத் தொகை ஏறும்போது எது தின்றது என்று யாருக்கும் நினைவிருக்காது.

இந்தக் கடிதத்தின் சமாசாரமே அதுதான். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் சிக்கனத்தைக் கையோடு கொண்டுவருகிறார்கள். ஆனால் அதை விளக்கின் மேல் காட்டுகிறார்கள். நம்மவரும் அப்படித்தான். "யாரு ஹால் லைட்ட போட்டுட்டுப் போனது?" என்று மாடிப்படியில் நின்று அவர் போடும் சத்தம் அப்பாவிடமிருந்து சீதனமாக வந்தது. அப்பா சத்தம் போட்ட காலத்தில் அது 60 வாட் குண்டு பல்பு, நியாயம் இருந்தது. இப்போது ஹாலில் தொங்குவது 8 வாட் எல்இடி. ஐந்து மணி நேரம் எரிந்தாலும் ஒரு பென்ஸ். அந்த ஒரு பென்ஸை மிச்சம் பிடிக்கப் படியேறி இறங்கும் நேரத்தில், பாத்ரூமில் பையன் மின்சார ஷவருக்கு அடியில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பான். அந்த ஷவர் 9 கிலோவாட். பத்து நிமிடத்தில் ஒன்றரை யூனிட், நாற்பது பென்ஸ். ஒரு பாட்டு முடிவதற்குள் ஹால் விளக்கின் ஒரு வாரச் செலவைத் தாண்டிவிடுவான்.

இங்கே எது சூடாக்குகிறதோ அதுதான் காசைத் தின்கிறது. ஒளி, ஒலி, போன் சார்ஜர், வைஃபை எல்லாம் சில்லறை. எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் 2023ல் வைத்த கணக்குப்படி, நடுத்தர வீடு ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் எரிவாயுவும் செலவழிக்கிறது. 2025 கடைசியில் எரிவாயு யூனிட் 6.29 பென்ஸ்தான் என்பதால் பணத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்து நின்றன. ஆனால் மின்சாரப் பங்கிலும் கணிசமானது ஓவன், ஷவர், துணி உலர்த்தி, கெட்டில் என்று சூடுபண்ணும் சாமான்களுக்கே போகிறது. ஃபேனும் ஏசியும் பில்லைத் தீர்மானிக்கும் ஊரிலிருந்து வந்தவருக்கு இது புரியச் சில குளிர்காலங்கள் ஆகும்.

நம்மவருக்கு அதைப் புரியவைத்தது 2022. ஊரில் உள்ளவர்கள் உக்ரைன் போரை டிவியில் பார்த்தார்கள். இங்கே அது பில்லாக வந்தது. பிரிட்டனில் வீட்டு எரிசக்தி விலைக்கு 2019 ஜனவரி முதல் ஒரு வரம்பு உண்டு. நடுத்தர வீட்டுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று அறிவிப்பார்கள். 2021 அக்டோபரில் அது 1,277 பவுண்டு. ஆறே மாதத்தில் 1,971. 2022 அக்டோபருக்கு 3,549 என்று ஆகஸ்டில் அறிவித்தார்கள். 2022 மார்ச் 31 அன்று, மறுநாள் விலை ஏறுவதற்கு முன் பழைய விலையிலேயே அளவைப் பதிந்துவிட வேண்டுமென்று நாடே மாடிப்படிக்கு அடியில் குனிந்து மீட்டரைப் போட்டோ எடுத்தது. மின் நிறுவனங்களின் இணையதளங்கள் கூட்டம் தாங்காமல் படுத்தன. முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுத்துப் பழகிய நம்மவர் அதிகாலையிலேயே எழுந்து பதிந்துவிட்டார்.

செப்டம்பர் 8 அன்று புதுப் பிரதமர் லிஸ் டிரஸ் நாடாளுமன்றத்தில் எழுந்து, நடுத்தர வீட்டுக்கு 2,500 பவுண்டோடு நிறுத்துகிறோம், மிச்சத்தை அரசு பார்த்துக்கொள்ளும் என்றார். அதைப் பற்றி யாரும் பேசி முடிப்பதற்குள், அன்று மாலையே எலிசபெத் ராணி காலமான செய்தி வந்துவிட்டது. அவ்வளவு பெரிய உதவி அறிவிப்பு ஒன்று மறுநாள் பத்திரிகையில் இடமில்லாமல் போனது.

அந்த 2,500 பற்றி ஒரு குழப்பம் இன்றுவரை தீரவில்லை. அது பில்லுக்கு வரம்பு அல்ல, யூனிட் விலைக்கு வரம்பு. அதிகம் எரித்தால் அதிகம் கட்டத்தான் வேண்டும். பிரதமரே வானொலிப் பேட்டிகளில் அதற்கு மேல் யாரும் கட்ட வேண்டியிருக்காது என்ற பொருளில் பேசிவிட, அது தவறென்று ஊடகங்கள் சுட்டிக்காட்ட நேர்ந்தது. நம்மவரின் நண்பர் ஒருவர், நான்கு படுக்கையறை வீட்டுக்காரர், "எப்படியும் 2,500தானே" என்று ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஹீட்டர் போட்டார். அவருக்கு வந்த பில்லைப் பற்றி இன்றும் அவர் வீட்டில் பேச்செடுக்கக் கூடாது.

அந்தக் குளிர்காலத்தில் அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண்டைத் தவணையில் கொடுத்தது: இரண்டு மாதம் 66, நான்கு மாதம் 67. தீபாவளி இனாம் மாதிரி மொத்தமாகக் கொடுக்க மனம் வரவில்லை. இன்னொரு திட்டம் வேடிக்கையானது. 2023 ஜனவரி 23, திங்கட்கிழமை. மாலை 5 முதல் 6 வரை மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்தினால் காசு தருகிறோம் என்று தேசிய மின்கட்டமைப்பு நிறுவனம் அறிவித்தது. குறைக்கும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்கு வரும். நம்மவர் வீட்டில் நாலே முக்காலுக்குள் சாம்பார் இறக்கி, சோறு ஹாட்பேக்கில் ஏறி, டிவி அணைந்து, குடும்பமே டார்ச் வெளிச்சத்தில் தாயக்கட்டம் ஆடியது. சம்பாதித்தது ஒரு பவுண்டுக்கும் குறைவு. போனில் இதைக் கேட்ட அத்தை சொன்னது: "இதத்தான் நாங்க பவர்கட்டுன்னு சொல்வோம் மாப்பிள்ளை. எங்களுக்கு யாரும் காசு குடுத்ததில்ல."

இனி வீட்டுக்கு வருவோம். ஹாரோ, ரேனர்ஸ் லேன் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவை 1930களில் கட்டியவை. மெட்ரோபாலிட்டன் ரயில்வே கம்பெனி தன் பாதையை ஒட்டிய நிலங்களுக்கு மெட்ரோலேண்ட் என்று பெயர் சூட்டி, 1915 முதல் 1932 வரை ஆண்டுதோறும் சிறு புத்தகம் போட்டு விளம்பரம் செய்தது. நகரத்துப் புகையை விட்டு வாருங்கள், ஆளுக்கொரு தோட்டம் என்றது. தோட்டம் உண்மைதான். முன்பக்கம் வளைந்து நீளும் ஜன்னலும் அழகுதான். ஆனால் நிலக்கரி மலிவாகக் கிடைத்த காலத்து வீடு அது; அடைத்த கணப்பின் புகைபோக்கி வழியாகவும், தபால் போடும் ஓட்டை வழியாகவும், தரைப்பலகை இடுக்கு வழியாகவும் சூடு போய்க்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துவதுதான் இந்த வீட்டைச் சூடாக்குவது. எவ்வளவு சேந்தினோம் என்று பார்ப்பதை விட, முதலில் ஓட்டையைப் பார்ப்பது உத்தமம்.

ஓட்டை அடைப்பதில் அத்தை நிபுணி. இந்த ஊர்க்காரர்கள் கதவிடுக்கில் வைக்க நீளமான நாய் பொம்மைகளைக் கடையில் வாங்குகிறார்கள். அத்தை நம்மவரின் பழைய எட்டு முழ வேட்டிகளை இறுகச் சுருட்டி, இரண்டு முனையிலும் சணல் கட்டி, முன்கதவுக்கும் சமையலறைக் கதவுக்கும் ஆளுக்கொன்று போட்டுவிட்டார். செலவு பூஜ்யம். நாலு மணிக்கே ஜன்னல் திரைகளை இழுத்துவிடும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடுவதால், விளக்கு வைக்கும் நேரத்தோடு அது ஒத்துப்போனது.

பரண் விஷயம்தான் நம்மவர் மாட்டிக்கொண்ட இடம். கூரைக்கு அடியில் கண்ணாடி இழைப் பஞ்சு 270 மில்லிமீட்டர் கனத்துக்கு இருக்க வேண்டும் என்பது இங்கே பரிந்துரை. பழைய வீடுகள் பலவற்றில் அதில் பாதிகூட இருக்காது. நம்மவர் வீட்டில் கனமென்னவோ இருந்தது. அதன் மேல் ஊருக்குப் போகும் பெரிய சூட்கேஸ்கள், வெட் கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டி, கொலுப்படிப் பலகைகள், யாரோ விட்டுப்போன ஹார்மோனியம் எல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தன. பஞ்சு வேலை செய்வது அதற்குள் சிக்கியிருக்கும் காற்றால். அமுக்கிவிட்டால் கனம் போனது, காற்றும் போனது. சாமான்களை எங்கே வைப்பது என்ற கேள்வியில் கணவன் மனைவி பேச்சுவார்த்தை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஹார்மோனியம் மட்டும் இறங்கியிருக்கிறது.

சுவருக்கு வாசலில் நின்றே பரீட்சை வைக்கலாம். செங்கல்லின் நீளப்பக்கம் மட்டும் வரிசையாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர். அந்த இடைவெளியில் பஞ்சு அடைக்க முடியும். நீளம், குட்டை, நீளம், குட்டை என்று மாறிமாறி வந்தால் ஒற்றைத் திண்ணச் சுவர். அதற்கு வெளியிலோ உள்ளிலோ தனிப் போர்வை வேண்டும், செலவு பல மடங்கு. நம்மவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் நின்று தன் வீட்டையும் அடுத்த வீட்டையும் மாறிமாறி உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி கதவைத் திறந்து "ஆர் யூ ஆல்ரைட், லவ்?" என்றார். நீளப்பக்கம்தான். நிம்மதி.

வீட்டுக்குள் போர் நடப்பது தெர்மோஸ்டாட்டில். அது மாடிப்படிக்கு எதிரே சுவரில் இருக்கும் சின்ன வட்டம். போகிற வருகிறவர்கள் எல்லாம் தொட்டுவிட்டுப் போவார்கள். நம்மவர் 18 வைப்பார். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதற்குக் கீழே இறக்காதீர்கள் என்று சுகாதாரத் துறை சொல்கிறது, அவர் அதையே உச்சவரம்பாக எடுத்துக்கொண்டார். மனைவி 20. மகள் குளித்துவிட்டு வந்து 27க்குத் திருப்புவாள், சீக்கிரம் சூடாகட்டும் என்று. தெர்மோஸ்டாட்டில் அந்த வித்தை பலிக்காது. 20 வைத்தாலும் 27 வைத்தாலும் வீடு ஏறும் வேகம் ஒன்றுதான். 27 வைத்தால் 20ல் நிற்காமல் மேலே போகும், அவ்வளவுதான். இதை நம்மவர் மகளுக்குப் படம் வரைந்து விளக்கினார். அவள் படத்தைப் பார்த்தாள், 27க்குத் திருப்பினாள்.

ரேடியேட்டர் ஒவ்வொன்றின் காலடியிலும் 1 முதல் 5 வரை எண் போட்ட ஒரு குமிழ் உண்டு. யாரும் படுக்காத அறையில் அதை 1க்கு இறக்கிக் கதவைச் சாத்திவிட்டால் போதும். முழுதாக மூடிவிட்டால் சுவரில் ஈரம் கட்டிக் கரும்பூஞ்சை பூக்கும். பூஞ்சை என்றதும் துணி நினைவுக்கு வருகிறது. குளிர்காலத்தில் துணியை ரேடியேட்டர் மேல் போட்டால் அந்தத் தண்ணீர் முழுதும் சுவருக்குத்தான் போகும். உலர்த்தி இயந்திரம் போட்டால் பழைய மாடலில் ஒரு தடவைக்கு நான்கு யூனிட், ஒரு பவுண்டுக்கு மேல். ஒரு சின்ன அறையில் கொடி கட்டி, கதவைச் சாத்தி, ஈரம் உறிஞ்சும் சின்ன இயந்திரத்தை ஓடவிடுவதுதான் இங்கே பலரும் கண்டிருக்கும் சமரசம். இட்லி வேகும்போது மட்டும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே ஆக வேண்டும். அத்தை அதற்கு இன்னும் ஒப்பவில்லை.

நவம்பரில் பாய்லர் சர்வீஸுக்கு ஆள் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருஷமாக லண்டன் வீடுகளின் அலமாரிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவர். எரிவாயு வேலைக்கான அடையாள அட்டையை முதலில் காட்டிவிட்டுத்தான் கையே வைத்தார். மூடியைக் கழற்றியவர் உடனே திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, உதில என்ன நம்பர் நிக்குதெண்டு பாத்தனீங்களோ?"

எழுபத்தைந்து.

"எழுவத்தஞ்சில ஓடினால் உது கொண்டென்சிங் பொய்லர் இல்லை, சும்மா பொய்லர். காசைப் புகையோட அனுப்புறீங்கள்."

விஷயம் இதுதான். எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகும். பழைய பாய்லர்கள் அந்த ஆவியைச் சூட்டோடு வெளியே தள்ளிவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் புதிதாக வைக்கும் பாய்லர்கள், ஏதோ சில விலக்குகள் தவிர, அந்த ஆவியை உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கி, அப்போது வெளிப்படும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் வகை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுப் பாய்லருக்குத் திரும்பும் தண்ணீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அனுப்பும்போதே 75ல் அனுப்பினால் திரும்பும்போது அறுபதுக்கு மேல் இருக்கும், ஆவி ஆவியாகவே போய்விடும். சிக்கனமான பாய்லர் என்று காசு கொடுத்து வாங்கி, அந்தச் சிக்கனத்தை ஒருநாளும் உபயோகிக்காத வீடுகள் இந்த நாட்டில் ஏராளம். 2022 டிசம்பரில் அரசே பிரசாரம் செய்தது: 75லிருந்து 60க்கு இறக்குங்கள், ஆண்டுக்குச் சுமார் 100 பவுண்டு மிச்சம் என்று. தபாலில் வந்த அந்தச் சீட்டை நம்மவர் பத்திரமாக எடுத்துவைத்திருந்தார், சமையலறை இழுப்பறையில், டேக்அவே மெனுக்களோடு.

"சூட்டைக் குறைச்சா வீடு குளிராதா அண்ணே?"

"ஆறுதலாச் சூடாகும் தம்பி. ரேடியேட்டரில கை வைச்சாச் சுடவேணும் எண்டு ஆர் சொன்னது? அறை சூடா இருந்தாக் காணும்."

குமிழைத் திருப்பி 55ல் நிறுத்தினார். பிறகு நம்மவரைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனார். பாய்லருக்கு நேர் கீழே சுவரிலிருந்து ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் சாக்கடைக்கு இறங்கியது. நம்மவர் பல வருஷமாகப் பார்த்த குழாய்தான், எதற்கென்று தெரியாது. கால் மணி கழித்து அதன் வாயிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. "இது சொட்டினாத்தான் உங்கட காசு மிச்சம்" என்றார் அண்ணர். குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு இருவரும் அந்தச் சொட்டையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

போகும்முன் மாடி ரேடியேட்டரின் மேல்பாதி மட்டும் சில்லென்று இருப்பதைத் தடவிப் பார்த்துச் சொன்னார், உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று. சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டிச் சாவி. ஓரத்தில் செருகிக் கால் திருப்புத் திருப்பினதும் உஸ்ஸென்று காற்று வந்தது, பின்னாலேயே கறுப்புத் தண்ணீர் துப்பியது. அத்தை சமயோசிதமாக டபராவை நீட்டிவிட்டார். அந்த டபராவில் இனி யாரும் காபி குடிப்பதில்லை. இன்னொன்றும் எச்சரித்தார்: மாடியில் தனித் தொட்டியில் வெந்நீர் சேர்த்து வைக்கும் வீடென்றால் இப்படி 55க்கு இறக்கக் கூடாது; தேங்கும் வெந்நீர் 60 டிகிரியாவது இருந்தால்தான் கிருமி வளராது.

இதற்கிடையே, அத்தையின் அறைக்கு மட்டும் என்று நம்மவர் ஒரு மின்சார எண்ணெய் ஹீட்டர் வாங்கினார். ஒரு அறைக்கு எதற்கு வீடு முழுதும் சூடாக்க வேண்டும் என்ற தர்க்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2 கிலோவாட் ஹீட்டர் முழு மூச்சில் ஒரு மணி ஓடினால் 53 பென்ஸ். அதே 53 பென்ஸுக்கு எட்டு யூனிட்டுக்கு மேல் எரிவாயு கிடைக்கும். மூன்று அறைகளைச் சூடாக்க அதில் முக்கால்வாசி போதும். இந்தக் கணக்கை அத்தையே போட்டார், காலண்டர் தாளின் பின்புறம். ஹீட்டர் இப்போது பரணில், ஹார்மோனியம் இறங்கிய இடத்தில். அத்தைக்கு வந்திருப்பது ரப்பர் வெந்நீர்ப் பை. ஒரு கெட்டில் தண்ணீரில் விடியும்வரை தாங்குகிறது. திரை சிவப்பானாலும் அதற்கு மட்டும் அவர் ஆட்சேபிப்பதில்லை.

இங்கே எல்லோரும் பேசும் அடுத்த விஷயம் ஹீட் பம்ப். பாய்லரைக் கழற்றிவிட்டு இதை வைத்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்டு அரசு மானியம். ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்: நம்மூர் ஸ்பிளிட் ஏசியைத் திருப்பிப் போட்டது. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி உள்ளே கொண்டுவரும். வெளியே ஐந்து டிகிரியில் என்ன சூடு இருக்கிறது என்று கேட்கக் கூடாது, இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நன்றாகப் பொருத்தினால் நான்கு யூனிட் வெப்பம் தரும். சிக்கல் விலையில். இங்கே மின்சாரம் எரிவாயுவைப் போல நான்கு மடங்கு விலை. 2025 கடைசி விலையில், மூன்று யூனிட் தரும் பம்ப்பில் ஒரு யூனிட் வெப்பம் 8.8 பென்ஸ் விழுந்தது. ஒழுங்காக ஓடும் பாய்லரில் 7 பென்ஸ். நான்கு தந்தால் 6.6. ஆக, லாபமா நஷ்டமா என்பதை இயந்திரத்தை விடப் பொருத்தும் ஆளும் வீட்டின் ஓட்டைகளும்தான் தீர்மானிக்கின்றன. கரிப்புகை குறைவு என்பதில் சந்தேகமில்லை. பரண் காலியாகும் வரை நம்மவர் இதில் கருத்துச் சொல்வதாக இல்லை.

இவ்வளவும் செய்து முடித்து, நவம்பர் பில்லைத் திறந்தார்கள். எரிவாயு போன நவம்பரை விடக் குறைந்திருந்தது. அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்து ஒரு வரியில் விரலை வைத்தார். ஸ்டாண்டிங் சார்ஜ். மின்சாரத்துக்கு நாளொன்றுக்கு 53.68 பென்ஸ், எரிவாயுவுக்கு 34.03. ஒரு விளக்கும் போடாமல், ஒரு துளி வெந்நீரும் தொடாமல் வீடு சும்மா நின்றாலும் தினம் 88 பென்ஸ், ஆண்டுக்கு 320 பவுண்டு. நம்மூர்க் காசில் நாளைக்கு நூறு ரூபாய். கம்பிக்கும் குழாய்க்கும் சேர்த்துப் போட்ட தண்டம் அது.

அத்தைக்கு இது ஜீரணமாகவில்லை. தமிழ்நாட்டுக் கணக்கு நேர்த் தலைகீழ். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஏற ஏற யூனிட் விலை ஏறும். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுக்கே விலை கூடிவிடும். ஆகவே ரீடிங் எடுக்க ஆள் வரும் தேதி நெருங்கும்போது 480ல் மீட்டரைக் கண்ணால் பிடித்து நிறுத்துவது கும்பகோணத்தில் ஒரு கலை, அதில் அவர் கைதேர்ந்தவர். குறைவாகச் செலவழிப்பவனுக்குச் சலுகை என்பது அவர் அறிந்த நியாயம். இங்கே குறைவாகச் செலவழிப்பவனுக்குத்தான் யூனிட் அடக்கவிலை அதிகமாக விழுகிறது. சிக்கனக்காரனைத் தண்டிக்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றி அத்தை சொன்னதை எழுதினால் விசா நீட்டிக்க மாட்டார்கள்.

அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனில் குறுஞ்செய்தி வந்தது. பூட்டிக்கிடக்கும் கும்பகோணம் வீட்டுக்கு மின்வாரியத்திலிருந்து. கட்டவேண்டிய தொகை: பூஜ்யம்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை. ஆளில்லாத வீட்டுக்கு அங்க பைசா கிடையாது. இங்க?"

"இங்க ஜனவரிலேர்ந்து வருஷத்துக்கு மூணு பவுண்டு கூட்டியிருக்காங்க அத்தை. நடுத்தர வீட்டு வரம்பு 1,755 இனிமே 1,758."

"மூணு பவுண்டா?" என்றார் அத்தை. எழுந்து போய், ஹால் விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.